முதலை நிஜமா வந்துச்சா? வாட்ஸப்ல வர்ற படத்தையும் மீமையும் செக் பண்றது எப்படி

2015 டிசம்பர்ல சென்னை முங்கிக் கிடந்தப்போ, ஈசிஆர்ல இருக்கிற முதலைப் பண்ணையில இருந்து முதலைங்க தப்பிச்சு வெள்ளத்தோட ஊருக்குள்ள வந்துடுச்சுன்னு ஒரு செய்தி போன் போனா சுத்துச்சு. இடுப்பளவு தண்ணில நடந்து பால் வாங்கப் போறவங்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கடைசில பண்ணைக்காரங்களே எங்க முதலை எல்லாம் பத்திரமா இருக்கு, ஒண்ணும் தப்பிக்கலன்னு அறிக்கை விட வேண்டியதாச்சு.

8 வருஷம் கழிச்சு 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. பெருங்களத்தூர் பக்கம் ராத்திரில ஒரு முதலை ரோட்டைக் கடந்து போற வீடியோ வந்துச்சு, காருக்குள்ள இருந்து எடுத்தது. 2015 கதை ஞாபகம் இருக்கிற எவருக்கும் இதுவும் புருடான்னுதான் முதல்ல தோணும். ஆனா இது நிஜம். சுற்றுச்சூழல், வனத்துறை செயலாளரா இருந்த சுப்ரியா சாஹுவே அந்த வீடியோவைப் பத்திப் பேசி, சென்னையைச் சுத்தி நீர்நிலைகள்ல இந்த வகை முதலை இருக்கு, மழைல தண்ணி நிரம்பினதால வெளிய வந்திருக்கு, கூச்ச சுபாவம் உள்ளது, யாரும் பக்கத்துல போகாதீங்கன்னு சொன்னாங்க.

இந்த ரெண்டையும் சேர்த்து ஏன் சொல்றேன்னா, ஒரு படத்தைப் பார்த்ததும் "இது நம்புற மாதிரி இருக்கே" "இது நம்புற மாதிரி இல்லையே"ன்னு நமக்குள்ள தோணுது பாருங்க, அந்த உணர்வு எதுக்கும் உதவாது. நம்புற மாதிரி இருக்கிறது பொய்யா இருக்கும், நம்பவே முடியாதது நிஜமா இருக்கும். அமெரிக்காலயும் இதே கதைதான். வெள்ளம் வந்த ரோட்ல சுறா நீந்துற ஒரு போட்டோ 2011ல இருந்து ஒவ்வொரு புயலுக்கும் புதுசா வந்துட்டே இருக்கு, அது தென்னாப்பிரிக்க கடல்ல எடுத்த ஒரு பிரபலமான படத்துல இருந்து சுறாவை மட்டும் வெட்டி ஒட்டினது. ஆனா 2022ல இயன் புயலப்போ ஃப்ளோரிடால ஒரு வீட்டுப் பின்பக்கம் தேங்கின தண்ணில சுறா மாதிரி பெரிய மீன் ஒண்ணு துள்ளுற வீடியோ வந்துச்சு, எல்லாரும் மறுபடியும் அதே புளுகுன்னு நெனச்சாங்க, செக் பண்ணிப் பார்த்தா வீடியோ அசல்.

அதனால கேக்க வேண்டியது "நம்பலாமா"ங்கிற கேள்வி இல்ல. எங்க எடுத்தது, எப்போ எடுத்தது, யார் எடுத்தது, இந்த மூணுதான். மூணுக்கும் பதில் கெடைச்சாதான் மேல இருக்கிற கேப்ஷனை நம்பணும். இதைத்தான் கீழ விளக்கமா எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

படம் அசல், கேப்ஷன்தான் பொய்

போலிப் படம்னு சொன்னதும் போட்டோஷாப், ஏஐனுதான் எல்லாரும் நெனைக்கிறோம். நம்ம குரூப்புக்கு வர்ற தப்பான ஃபார்வேர்டுகள்ல ரொம்ப சாதாரணமானது அது இல்ல, எங்கயோ எப்பவோ எடுத்த அசல் படத்துக்கு வேற ஊர் பேர், வேற தேதி போட்டு அனுப்புறதுதான். இதுக்கு எந்த டெக்னாலஜியும் வேண்டாம், யார் வேணா செய்யலாம், அதனாலதான் இவ்வளவு இருக்கு. 2004 சுனாமி முடிஞ்ச உடனேயே மெயில்ல சுத்தின சில படங்கள், பெரிய அலை துரத்துது ஜனங்க ஓடுறாங்க, அதெல்லாம் சீனாவோட சியான்டாங் ஆத்துல 2002ல வந்த ஓத அலை. வாட்ஸப் வர்றதுக்கு முன்னாடியே இந்த வேலை ஆரம்பிச்சாச்சு.

இதுல ரொம்பக் கொடூரமானது 2018ல நடந்தது, அதை மறக்கவே கூடாது. அந்த வருஷம் பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்குன்னு நாடு முழுக்க மெசேஜ் பரவுச்சு. அதோட ஒரு வீடியோ: தெருவுல பசங்க விளையாடிட்டு இருக்காங்க, பைக்ல ரெண்டு பேர் வர்றாங்க, ஒரு பையனைத் தூக்கிட்டுப் போயிடுறாங்க. பார்த்தா வயிறு கலங்கும். ஆனா அது பாகிஸ்தான் கராச்சில குழந்தைகள் பாதுகாப்புக்காக வேலை செய்யுற ஒரு அமைப்பு எடுத்த விழிப்புணர்வு விளம்பரம். அசல் வீடியோல அந்த பைக் திரும்பி வரும், பையனை எறக்கி விடுவாங்க, ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவாங்க, கராச்சில ஒரு குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும்னு அதுல எழுதியிருக்கும். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிட்டு அனுப்பினாங்க, அவ்வளவுதான் செஞ்சது. கூடவே குழந்தைகளோட சடலம் வரிசையா கெடக்கிற ஒரு படமும் சுத்துச்சு, அது 2013ல சிரியால நடந்த விஷவாயுத் தாக்குதல்ல செத்த குழந்தைங்க. அதுக்கும் இந்தியாவுக்கும் சம்பந்தமே கெடையாது.

அந்த மே மாசம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்துல குலதெய்வம் கோயிலைத் தேடி கார்ல போன குடும்பம் ஒண்ணு, வழி கேக்க நின்னாங்க, அதுல ஒரு வயசான அம்மா அங்க இருந்த பிள்ளைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்க. பிள்ளை பிடிக்கிறவங்கன்னு ஊரே சேர்ந்து அடிச்சதுல அந்த அம்மா செத்துப் போயிட்டாங்க. அதே மாசம் பழவேற்காட்டுல ஒருத்தரை அடிச்சுக் கொன்னாங்க. ஃபார்வேர்டு பண்ணவங்கள்ல யாரும் கெட்டவங்க இல்ல, பிள்ளைங்க மேல இருக்கிற பயத்துல நாலு பேருக்கு சொல்லுவோம்னு அனுப்பினவங்கதான். இதுக்கப்புறம் அந்த வருஷம் ஜூலைலதான் வாட்ஸப் இந்தியால ஒரு மெசேஜை ஒரே நேரத்துல 5 பேருக்கு மேல அனுப்ப முடியாதுன்னு கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க.

மேல அம்புக்குறி ரெண்டு போட்டு வர்ற மெசேஜைப் பார்த்திருப்பீங்க. அஞ்சு கை தாண்டி வந்திருக்குன்னு அர்த்தம். பொய்யுன்னு அர்த்தம் இல்ல, ஆனா உங்களுக்கு அனுப்பினவருக்கு அதைப் பத்தி நேரடியா ஒண்ணுமே தெரியாதுன்னு உறுதியா சொல்லலாம். மாமா அனுப்பினாரு, டாக்டர் அண்ணன் அனுப்பினாருங்கிறதெல்லாம் அப்போ கணக்குலயே வராது.

படத்தை வச்சே படத்தைத் தேடுறது

இதுதான் முக்கியமான வேலை, ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. படத்தை போன்ல சேவ் பண்ணிக்கங்க. கூகுள் ஆப்பைத் திறந்தா தேடுற பெட்டிக்குப் பக்கத்துல கேமரா மாதிரி ஒரு குறி இருக்கும், அதுதான் கூகுள் லென்ஸ், அதை அமுக்கி கேலரில இருந்து அந்தப் படத்தைக் குடுங்க. அதே படம் வேற எங்கெல்லாம் வந்திருக்குன்னு வரிசையா காட்டும். கம்ப்யூட்டர்ல குரோம்ல பார்க்கிறீங்கன்னா படத்து மேல ரைட் கிளிக் பண்ணாலே வரும்.

தேடுறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யணும், நெறைய பேர் இதை விட்டுடுறாங்க. மீம்ல மேல கீழ இருக்கிற எழுத்து, பார்டர், பேஜ் பேர், எமோஜி எல்லாத்தையும் கிராப் பண்ணிட்டு வெறும் படத்தை மட்டும் குடுங்க. எழுத்தோட குடுத்தா அதே மீமைத்தான் திருப்பித் திருப்பிக் காட்டும், அசல் படம் கெடைக்காது. அப்பவும் கெடைக்கலன்னா படத்தை இடவலமா புரட்டிப் போட்டுத் தேடுங்க, தேடினா மாட்டக்கூடாதுன்னே சிலர் கண்ணாடில தெரியுற மாதிரி திருப்பிப் போடுவாங்க. திருப்பிப் போட்டிருக்கான்னு கண்டுபிடிக்க நம்ம ஊர்ப் படத்துல நல்ல வழி இருக்கு: சேலை முந்தானை எந்தத் தோள்ல இருக்குன்னு பாருங்க. நம்ம பக்கம் இடது தோள்ல போடுறதுதான் வழக்கம், படத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் வலது தோள்ல இருந்துச்சுன்னா சந்தேகப்படலாம் (குஜராத் பக்கம் கட்டுற விதம் வேற, அதையும் ஞாபகம் வச்சுக்கங்க). ஆம்பளைங்க சட்டைப் பாக்கெட் வலது பக்கம் இருக்கிறது, கார் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிறது, இதெல்லாமும் அதே மாதிரிதான்.

கூகுள்ல சரியா வரலன்னா டின்ஐனு ஒரு தளம் இருக்கு, அதுல ரிசல்ட்டைப் பழசுல இருந்து புதுசுக்கு வரிசைப்படுத்தலாம், இந்த வேலைக்கு அது ரொம்ப உபயோகம். யாண்டெக்ஸ்னு இன்னொரு தேடுபொறி, அதுவும் கட்டிடம், இடம் கண்டுபிடிக்க நல்லா இருக்கும். ஒண்ணுல இல்லன்னா இன்னொண்ணுல கெடைக்கும், ஒண்ணோட நிறுத்திடாதீங்க.

இப்போ ரிசல்ட்டை எப்படிப் புரிஞ்சுக்கிறது? நேத்து நடந்ததுன்னு சொல்ற படம் 2019லயே ஒரு சைட்ல இருந்துச்சுன்னா முடிஞ்சுது, அந்த கேப்ஷன் பொய், அதுக்கு மேல ஒரு ஆதாரமும் வேண்டாம். ஆனா எங்கயும் பழைய காப்பி கெடைக்கலன்னா அதனால படம் புதுசுன்னு முடிவு பண்ணக்கூடாது, தேடுபொறி எல்லாத்தையும் பார்த்திருக்காது, வாட்ஸப்புக்குள்ள சுத்துறது அதுக்குத் தெரியவே தெரியாது. கெடைச்ச காப்பிகள்ல எது பெருசா, தெளிவா, கம்மியா கிராப் ஆகி இருக்கோ அதுதான் அசலுக்குக் கிட்ட இருக்கும், அதைத் திறந்து கீழ யார் எடுத்தாங்க, எந்த ஊர்னு படிங்க.

வீடியோவா இருந்தா முகமோ கட்டிடமோ போர்டோ தெளிவா தெரியுற இடத்துல நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, மூணு நாலு இடத்துல எடுத்து ஒவ்வொண்ணா இதே மாதிரி தேடுங்க. கம்ப்யூட்டர் வச்சிருக்கிறவங்க பிரவுசர்ல சேர்த்துக்கிற இன்விட்னு ஒரு இலவச எக்ஸ்டென்ஷன் இருக்கு, அது வீடியோவைத் தானே துண்டு துண்டா படமாக்கித் தேடிக் குடுக்கும், பத்திரிகைக்காரங்க உபயோகிக்கிறதும் அதுதான். போட்டோக்குள்ள எடுத்த தேதி ஒளிஞ்சிருக்கும்னு சிலர் சொல்லுவாங்க, கேமரால இருந்து நேரா வந்த ஃபைல்ல இருக்கும் சரி, ஆனா சாதாரணமா போட்டோவா அனுப்பினா வாட்ஸப் அதையெல்லாம் அழிச்சுடும், அதனால ஃபார்வேர்டுக்கு அந்த வழி வேலைக்காகாது.

படத்துக்குள்ள எழுதியிருக்கிறதைப் படிங்க

தேடியும் கெடைக்கலன்னா படத்தைப் பெருசு பண்ணி ஓரங்களைப் பாருங்க. நடுவுல இருக்கிற சண்டையை இல்ல, ஓரத்துல இருக்கிற கடை போர்டை, வண்டி நம்பரை, பஸ்ஸை, சுவர் போஸ்டரை. சண்டையைத்தான் எல்லாரும் பார்ப்பாங்க, ஊரைக் காட்டிக் குடுக்கிறது ஓரம்தான்.

வண்டி நம்பர்ல டிஎன்னு ஆரம்பிச்சா தமிழ்நாட்டு வண்டி, அடுத்து வர்ற எண் எந்த ஆர்டிஓ ஆபீஸ்னு சொல்லும். வெள்ளைப் பலகை சொந்த வண்டி, மஞ்சள் பலகைல கருப்பு எழுத்து வாடகை வண்டி, பச்சை எலக்ட்ரிக். இலங்கைல முன்னாடி வெள்ளை பின்னாடி மஞ்சள்னு பழக்கம், அதனால யாழ்ப்பாணத்துல எடுத்த படத்தைத் தமிழ்நாடுன்னு சொன்னாலும், இங்க எடுத்ததை அங்கன்னு சொன்னாலும் வண்டிப் பின்பக்கத்தைப் பார்த்தே சந்தேகப்படலாம். வண்டி எந்தப் பக்கமா போகுதுன்னும் பாருங்க. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், மலேசியா எல்லாம் இடது பக்கம், ஆனா மியான்மர்ல வலது பக்கம். மியான்மர் வீடியோவை நம்ம ஊர்னு போட்டா அதுலயே மாட்டிக்கும்.

போர்டுல இருக்கிற எழுத்து எந்த மொழின்னு தெரியலன்னா லென்ஸ்லயே அந்த எழுத்தை மட்டும் வட்டமிட்டா மொழிபெயர்த்துக் குடுக்கும். கன்னடமும் தெலுங்கும் பார்க்கிறதுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணா தெரியும் நமக்கு, அதனால கண்ணை நம்பாதீங்க. கடைப் பேர் கெடைச்சா மேப்ல போட்டு, ஸ்ட்ரீட் வியூ (தெருவுல நின்னு பார்க்கிற மாதிரி காட்டுற படம்) இருந்தா அந்தக் கட்டிடம், அந்த கரண்ட் கம்பம், அந்த வளைவு எல்லாம் பொருந்துதான்னு பார்த்துடலாம். அந்த ஊர் மொழிலயே சம்பவத்தைத் தேடினா இன்னும் சீக்கிரம் கெடைக்கும், ராஜஸ்தான்ல நடந்ததைத் தமிழ்ல தேடினா எப்படி வரும்? ரெண்டு வார்த்தையை இந்திக்கு மாத்திட்டுத் தேடுங்க.

2023 மார்ச் மாசம் திருப்பூர், கோயம்புத்தூர் பக்கம் பீகார் தொழிலாளிகளை அடிச்சுக் கொல்றாங்கன்னு வட இந்தியா முழுக்க வீடியோ பரவுச்சே, அதுல இந்த வேலை செஞ்சிருந்தா ஒரு மணி நேரத்துல அடங்கியிருக்கும். அப்போ டிஜிபியா இருந்த சைலேந்திர பாபு வீடியோ போட்டு விளக்கினாரு: அதுல ஒண்ணு திருப்பூர்ல பீகார் தொழிலாளிகளுக்குள்ளயே நடந்த தகராறு, இன்னொண்ணு கோவைல உள்ளூர்க்காரங்களுக்குள்ள நடந்தது. ஹோலிக்கு ஊருக்குப் போற ரயில் கூட்டத்தை உயிருக்குப் பயந்து ஓடுற கூட்டம்னு காட்டினாங்க. பீகார் அரசு ஒரு அதிகாரிகள் குழுவையே இங்க அனுப்பி விசாரிக்க வேண்டியதாச்சு. அங்க பெத்தவங்க போன் மேல போன் போட்டு மகனே கெளம்பி வந்துடுன்னு அழுதுட்டு இருக்காங்க, இங்க அந்தப் பையன் பனியன் கம்பெனில எப்பவும் போல வேலை செஞ்சுட்டு இருக்கான். தப்பான கேப்ஷன் ரெண்டு பக்கமும் சாதாரண ஜனங்களைத்தான் குத்துது.

நியூஸ் கார்டு, ஸ்க்ரீன்ஷாட்

தமிழ்ல மீம் வழியா வர்ற பொய்ல பெரிய பங்கு இந்த நியூஸ் கார்டுதான். டிவி சேனல் லோகோ, அவங்க கலர், ஒரு தலைவரோட போட்டோ, அவர் சொன்னதா ஒரு வரி. அந்த டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்து வரியை மட்டும் மாத்துறதுக்கு பத்தாவது படிக்கிற பையன் போதும். எலக்‌ஷன் சமயத்துல இது மழை மாதிரி கொட்டும்.

செக் பண்றது சுலபம். கார்டுல இருக்கிற தேதியைப் பாருங்க, தேதி இல்லன்னா அப்பவே சந்தேகப்படுங்க. அந்தச் சேனலோட அசல் ஃபேஸ்புக், எக்ஸ், இன்ஸ்டா பக்கத்துக்கு நேராப் போங்க, அந்த நாளுக்கு ஸ்க்ரோல் பண்ணுங்க. அதே கார்டு வேற வரியோட அங்க இருக்கும், பல தடவை அப்படித்தான் இருக்கும், அதே தலைவர் போட்டோ அதே பேக்ரவுண்டு, வரி மட்டும் வேற. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா ஃபான்ட் வித்தியாசமும் எழுத்துப்பிழையும் கண்ணுல அடிக்கும். அங்க எதுவுமே இல்லன்னா அந்த வரியை அப்படியே கூகுள்ல போட்டுத் தேடுங்க. ஒரு பெரிய தலைவர் அவ்வளவு பெரிய விஷயம் பேசியிருந்தா ஒரே ஒரு சேனல் மட்டும் போட்டிருக்காது, போட்டி சேனலும் போட்டிருக்கும், எதிர்க்கட்சி பதில் சொல்லியிருக்கும்.

ட்வீட் ஸ்க்ரீன்ஷாட்டை ஆதாரமா எடுத்துக்கவே எடுத்துக்காதீங்க. பிரவுசர்ல எந்தப் பக்கத்தோட எழுத்தை வேணாலும் நம்ம கம்ப்யூட்டர்ல மட்டும் தற்காலிகமா மாத்திக் காட்டலாம், அதைப் படம் புடிச்சா அசல் மாதிரியே இருக்கும், ஃபான்ட் ஒரு புள்ளி கூட மாறாது. அவங்க அக்கவுண்டுக்குப் போய்ப் பாருங்க. டெலீட் பண்ணிட்டாருன்னு சொன்னாங்கன்னா வேபேக் மெஷின்னு இணையப் பக்கங்களோட பழைய காப்பியைச் சேர்த்து வைக்கிற தளம் இருக்கு, அதுல அந்த முகவரியைப் போட்டுப் பாருங்க, கூடவே டெலீட் ஆகுறதுக்கு முன்னாடி அதுக்கு பதில் போட்டவங்க, அதைப் பத்திச் செய்தி எழுதினவங்க யாராவது இருக்காங்களான்னு தேடுங்க. பிரபலமான ஒருத்தர் போட்ட ட்வீட்டுக்கு யாருமே எதிர்வினை காட்டாம இருக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, கிண்டலுக்குன்னே இருக்கிற பேஜ்கள் போடுற கார்டு. அவங்க ஓரத்துல பேர் போட்டுத்தான் போடுறாங்க, நாலு கை மாறினதும் யாரோ அந்தப் பேரை கிராப் பண்ணிடுறாங்க, அப்புறம் அது செய்தி ஆயிடுது.

பெரியவங்க பேர்ல வர்ற பொன்மொழி

அப்துல் கலாம் போட்டோ போட்டு கீழ எதை எழுதினாலும் ஓடும்ங்கிற நிலைமைக்கு வந்துட்டோம், அந்த மனுஷன் மேல இருக்கிற மரியாதையையே இப்படி உபயோகப்படுத்துறாங்களேன்னு எனக்கு உண்மையிலேயே வருத்தம். பொன்மொழின்னா கேக்க வேண்டியது: எந்தப் புத்தகம், எந்தப் பேச்சு, எந்தத் தேதி? மூணுல ஒண்ணு கூட இல்லன்னா ஷேர் பண்ணாதீங்க.

தேதி இருந்தாலும் செக் பண்ணணும். வெள்ளைக்காரங்க காலத்து அதிகாரி மெக்காலே சொன்னதா ஒண்ணு சுத்துது, இந்தியா முழுக்க சுத்திப் பார்த்தேன், ஒரு பிச்சைக்காரனையும் ஒரு திருடனையும் பார்க்கல, இவங்க முதுகெலும்பை உடைக்கணும்னா பழைய கல்வி முறையை மாத்தணும்னு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துல 2 பிப்ரவரி 1835ல பேசினதா போடுவாங்க. எழுத்து பழசு மாதிரி டிசைன் பண்ணி, பார்க்க ஆவணம் மாதிரியே இருக்கும். மெக்காலே 1834லயே இந்தியாவுக்கு வந்துட்டாரு, அந்தத் தேதில இருந்தது கல்கத்தால. அந்தத் தேதில அவர் எழுதின கல்விக் குறிப்பு அசலா இருக்கு, இணையத்துல முழுசா கெடைக்கும், அதுல இந்த வரிகள் கெடையாது. அந்தக் குறிப்புல அவர் நம்ம மொழிகளையும் இலக்கியத்தையும் எவ்வளவு மட்டமா எழுதியிருக்காருன்னு படிச்சா கோவம் வரும், அவரைத் திட்டணும்னா அதுவே தாராளமா போதும், பொய் வரி எதுக்கு?

ஜன கண மனவை உலகத்துலயே சிறந்த தேசிய கீதம்னு யுனெஸ்கோ அறிவிச்சதா வர்றதும் இதே வகைதான், யுனெஸ்கோ அப்படி எதுவும் அறிவிக்கல. நம்ம பெருமையைப் பேசுற பொய்யை செக் பண்றதுக்கு யாருக்கும் மனசு வராது, அதுதான் அதோட பலம். தீபாவளி ராத்திரில இந்தியா எப்படி ஜொலிக்குது பாருங்க, நாசா எடுத்த படம்னு வருஷா வருஷம் வருதே கலர் கலரா, அது ஒரு ராத்திரில எடுத்த போட்டோவே இல்ல. பல வருஷ சாட்டிலைட் தகவலைச் சேர்த்து, எந்தெந்த வருஷத்துல எந்த ஊர்ல விளக்கு வெளிச்சம் வந்துச்சுன்னு காட்ட வேற வேற கலர் குடுத்து அமெரிக்க விஞ்ஞானிகள் பண்ணின ஒரு வரைபடம். 2012 தீபாவளி சமயத்துல நிஜமாவே எடுத்த படத்தை நாசா வெளியிட்டாங்க, அதுல தீபாவளிக்குன்னு தனியா பெருசா ஒரு வித்தியாசமும் தெரியல.

அரசாங்கம் போட்டா சரியா இருக்கும்னும் கண்ணை மூடிக்க முடியாது. அதே 2015 வெள்ளத்தப்போ பிரதமர் விமானத்துல இருந்து சென்னையைப் பார்க்கிற படத்துல ஜன்னலுக்குள்ள வேற ஒரு படத்தை ஒட்டி மத்திய அரசோட செய்தி வெளியிடுற அமைப்பான பிஐபியே வெளியிட்டு, ஜனங்க கண்டுபிடிச்சதும் எடுத்துட்டாங்க.

ஏஐ படம்

2023 மார்ச்ல போப் பிரான்சிஸ் வெள்ளைக் கலர்ல பெரிய குளிர் ஜாக்கெட் போட்டு நடக்கிற படம் உலகத்தையே ஏமாத்துச்சு. அந்த வருஷம் மே 22ஆம் தேதி அமெரிக்க பென்டகன் பக்கத்துல குண்டு வெடிச்ச மாதிரி ஒரு ஏஐ படம் வந்து, கொஞ்ச நேரத்துக்கு பங்குச்சந்தையே அசைஞ்சுது. அந்த ஏரியா தீயணைப்புத் துறை அப்படி எதுவும் நடக்கலன்னு சொன்னதும் அடங்குச்சு.

விரலை எண்ணுங்க, காதைப் பாருங்கன்னு அப்போ சொன்ன டிப்ஸ் எல்லாம் இப்போ நம்ப முடியாது, ஏஐ அதையெல்லாம் கத்துக்கிச்சு. நம்ம ஊர்ப் படத்துல இன்னும் சில இடத்துல அது தடுமாறுது: பின்னாடி கடை போர்டுல தமிழ் எழுத்து மாதிரி இருக்கும் ஆனா படிக்க வராது, கோபுரத்து பொம்மைங்க ஒண்ணோட ஒண்ணு உருகி ஒட்டின மாதிரி இருக்கும், கூட்டத்துல தூரத்து முகங்கள் குழைஞ்சு போயிருக்கும். இந்தக் கோளாறு இருந்தா சந்தேகம் சரி. இல்லன்னா அசல்னு அர்த்தம் இல்ல. படத்தைப் போட்டா இத்தனை சதவீதம் ஏஐன்னு சொல்ற சைட்டுங்க நெறைய இருக்கு, அசல் போட்டோவை ஏஐன்னும் ஏஐ படத்தை அசல்னும் சொல்லும், அந்த சதவீதத்தை வச்சு யார்கிட்டயும் சண்டைக்குப் போகாதீங்க. கூகுள் தன்னோட ஏஐ பண்ற படத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை வைக்குது, சின்த்ஐடின்னு பேர், ஜெமினி ஆப்ல படத்தைக் குடுத்துக் கேட்டா அந்த முத்திரை இருக்கான்னு சொல்லும். இருந்தா ஏஐதான். இல்லன்னா வேற கம்பெனி ஏஐயா இருக்கலாம், அசலாவும் இருக்கலாம்.

அதனால ஏஐயைப் பிடிக்க நான் நம்புறது ஒரே ஒரு வழிதான்: இன்னொரு கோணம் இருக்கா? தி.நகர்ல ஒரு கட்டிடம் இடிஞ்சா அங்க இருக்கிற அத்தனை பேர் கைலயும் போன் இருக்கு, பத்து நிமிஷத்துல நூறு வீடியோ வந்துடும், வேற வேற பக்கத்துல இருந்து. ஜனங்க நடமாடுற இடத்துல நடந்த பெரிய சம்பவத்துக்கு ஒரே ஒரு படம், ஒரே ஒரு கோணம்தான் இருக்குன்னா அது நடக்கலன்னுதான் நான் எடுத்துப்பேன், ஒரு நாள் காத்திருந்து பார்ப்பேன்.

யாராவது ஏற்கனவே செக் பண்ணியிருக்காங்களா

இவ்வளவும் நீங்களே செய்யணும்னு இல்ல. தமிழ்ல யூடர்ன் இருக்கு, நியூஸ்செக்கர், ஃபேக்ட் கிரசண்டோ எல்லாம் தமிழ்ல போடுறாங்க, இங்கிலீஷ்ல ஆல்ட் நியூஸ், பூம். தமிழ்நாடு அரசு 2023ல தனியா ஒரு தகவல் சரிபார்ப்பகம் ஆரம்பிச்சாங்க, மத்திய அரசுக்கு பிஐபி ஃபேக்ட் செக் இருக்கு. இந்த ரெண்டும் அரசாங்கத்தைப் பத்தி வர்ற போலி அறிவிப்பு, ஸ்கூல் லீவு ஆர்டர், இலவச லேப்டாப் லிங்க் இதுக்கெல்லாம் நல்லது, ஆனா அரசாங்கத்தை விமர்சிக்கிற செய்தியைப் பொய்னு சொன்னா அவங்க காட்டுற ஆதாரத்தையும் நீங்களே படிச்சுப் பாருங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான், ஃபேக்ட் செக் கட்டுரைல தலைப்பை மட்டும் பார்க்காம அசல் படத்தோட லிங்க் குடுத்திருக்காங்களான்னு பாருங்க. கூகுள்ல ஃபேக்ட் செக் எக்ஸ்ப்ளோரர்னு ஒரு பக்கம் இருக்கு, தமிழ்லயே ரெண்டு வார்த்தை போட்டா எல்லாரும் செக் பண்ணினதை ஒரே இடத்துல காட்டும்.

பொய்னு தெரிஞ்சுடுச்சு, குரூப்ல என்ன பண்றது

சித்தப்பா அனுப்பினதை எல்லார் முன்னாடியும் பொய்னு போட்டா அவர் மனசு சங்கடப்படும், அடுத்த தடவை நீங்க சொல்றது எதையும் கேக்க மாட்டாரு. முதல்ல தனியா மெசேஜ் பண்ணுங்க. "சித்தப்பா, நீங்க அனுப்பின வீடியோ 2016ல கராச்சில எடுத்ததாம், இந்தாங்க லிங்க், குரூப்ல டெலீட் பண்ணிடுறீங்களா"ன்னு கேட்டா போதும். நீங்க பேசுறதை விட அசல் வீடியோவோட லிங்க் நல்லா பேசும். ரெண்டு நாளுக்குள்ளன்னா எல்லாருக்கும் சேர்த்து டெலீட் பண்ண முடியும், அவரால முடியலன்னா குரூப் அட்மினை எடுக்கச் சொல்லுங்க.

ஆனா பிள்ளை பிடிக்கிறவங்க, இந்த சாதிக்காரன் இப்படிப் பண்ணான், இந்த மதத்துக்காரன் வெட்டினான், இந்த மாத்திரையை நிறுத்துங்க, இந்த மாதிரி யாருக்காவது அடி விழுற, உயிர் போற விஷயம்னா தனியா மெசேஜ் போட்டு பதிலுக்குக் காத்திருக்காதீங்க. உடனே குரூப்லயே போடுங்க. அப்படிப் போடும்போது உண்மையை முதல் வரில எழுதுங்க, "இது திருப்பூர்ல நடந்தது இல்ல, ராஜஸ்தான்ல நடந்தது"ன்னு ஆரம்பிங்க, பாதிப் பேர் முதல் வரிக்கு மேல படிக்க மாட்டாங்க. பொய்ப் படத்தை மறுபடியும் அப்படியே போடாதீங்க, போட்டே ஆகணும்னா மேல குறுக்கா பெருசா பொய்னு எழுதிட்டுப் போடுங்க, ஓரத்துல எழுதினா கிராப் பண்ணிடுவாங்க. பெரியப்பாக்களுக்கு இதையே பேசி வாய்ஸ் நோட்டா அனுப்பினா இன்னும் நல்லது, சின்ன எழுத்தைப் படிக்க முடியாதவங்க வீட்டுக்கு வீடு இருக்காங்க.

எவ்வளவு தேடியும் எங்க, எப்போ, யாருன்னு தெரியாம போற படமும் இருக்கும். அப்போ அதை உங்க போனோட நிறுத்திடுங்க. யாராவது கேட்டா "தேடிப் பார்த்தேன், எங்க எடுத்ததுன்னு தெரியல, தெரியுற வரைக்கும் அனுப்பாதீங்க"ன்னு சொல்லிடலாம்.